சுவருக்குள் அடித்த கடிகாரம்

அன்புள்ள மச்சானுக்கு,

இங்கே எல்லோரும் நலம். சமையலறைச் சுவரில்தான் கொஞ்சம் ஈரம் ஏறிவிட்டது. நீ வீட்டை விட்டுப் போய் ஆறு வருடம் கழித்து என்னை எழுத வைத்ததும் அந்த ஈரம்தான்.

நான் வெளியூர் வேலைக்குப் போயிருந்தபோது உன் அக்கா வேறொரு கொத்தனாரைக் கூப்பிட்டுவிட்டாள். வீட்டிலேயே ஒரு கொத்தனார் இருக்கும்போது இது எனக்கு அவமானம். அதை அவளிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன். அந்த ஆள் சுவரைக் கொத்தியதில் உள்ளேயிருந்து உன் அலாரம் கடிகாரம், மூன்று குக்கர் விசில், கடகடவென்று ஆடும் பாத்திர மூடி, உன் அப்பாவின் சைக்கிள் மணி எல்லாம் வந்தன. நான் திரும்பியபோது கழுவித் துடைத்து மேசைமேல் வரிசையாக வைத்திருந்தாள். அவை அங்கே போன விதத்தை முறைப்படி எழுதுகிறேன்.

எனக்குச் சத்தம் ஆகாது. நாள் முழுக்கக் கலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில் நிற்பவன், வீட்டில் கொஞ்சம் அமைதி கேட்பது தப்பா? உன் கடிகாரம் காலை ஐந்து மணிக்குக் கத்தும். நீ எழுந்திருக்க மாட்டாய். நான் எழுந்துவிடுவேன். ஒருநாள் அந்தச் சுவரில் ஓர் ஓட்டையை அடைக்கும்போது அரைச் செங்கல் குறைந்தது. கடிகாரம் கையெட்டும் தூரத்தில் இருந்தது. அளவும் பொருந்தியது. வேறு ஒருவனாக இருந்தால் தரையில் போட்டு உடைத்திருப்பான். நான் எதையும் உடைக்கிற ஆள் இல்லை.

பேட்டரி புதிது என்பதைக் கவனிக்கவில்லை. மூன்று மாதம் அடித்தது. சுவரின் மறுபக்கம் ஒட்டிப் படுத்திருந்த உனக்கு மட்டும்தான் கேட்டது.

"மாமா, சுவத்துக்குள்ள மணி அடிக்குது மாமா" என்று நீ காதை வைத்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணில் நிற்கிறது. காதுக்குச் சொட்டு மருந்து வாங்கி வந்தவன் நான்தான். அதற்கு நீ இதுவரை நன்றி சொன்னதில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை.

பிறகு விசில், மூடி, மணி. ஒவ்வொரு தடவையும் சுவரில் ஏதாவது வேலை வந்தது. வராதபோது நானே வரவழைத்தேன்.

பொருள்கள் இப்படிக் காணாமல் போனால் யார்மேலாவது சந்தேகம் விழத்தானே செய்யும்? நான் நடுநிலையோடு விசாரித்தேன். உன் பையை எல்லோர் முன்னாலும் கொட்டச் சொன்னேன்.

"கடிகாரம் என்னோடது அக்கா! என் கடிகாரத்த நானே திருடுவேனா?" என்று நீ கேட்டாய்.

"அங்கதான் இருக்கு இவன் சாமர்த்தியம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள்.

நீ அன்று மாலையே கிளம்பினாய். உன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம் வரை வந்தது யார்? நான் ஒருவன்தான்.

இப்போதும் உன் அக்கா உன்னைத்தான் சந்தேகப்பட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் கூலி வாங்க வந்த அந்தக் கொத்தனார், "யாரு பூசுனதோ தெரியலம்மா, கண்ணாடி மாதிரி இருந்துச்சு. உடைக்கவே மனசு வரல" என்று சொல்ல, "என் தம்பிதான் பூசியிருப்பான். திருட்டுப் பயலா இருந்தாலும் கெட்டிக்காரன்" என்றாள். குரலில் பெருமை வேறு. மச்சான், உனக்குப் பூசுகிற கரணையை எந்தப் பக்கம் பிடிப்பது என்றுகூடத் தெரியாது.

"அவன் பூசினா சுவரு தொப்பை போட்டுக்கிட்டு நிக்கும். இது என் கை" என்றேன்.

வீடு அப்படியே அமைதியாகிவிட்டது. இத்தனை வருடமாக நான் கேட்ட அமைதி. அனுபவிக்கத்தான் முடியவில்லை.

"என் தம்பி இந்த வாசல மிதிக்கிற வரைக்கும் உங்களுக்கு இந்த வீட்ல ஒரு வாய் சாப்பாடு கிடையாது" என்றுவிட்டாள். அதன் பிறகு உன் பழைய படுக்கையில் உட்கார்ந்து அழுதாள். இன்று மூன்றாவது நாள். நான் கடைப் பன்னில் உயிர் வாழ்கிறேன்.

அதனால் நீ வர வேண்டும். திருடியது நான், பழியை உன்மேல் போட்டதும் நான். எழுத்திலேயே தந்துவிட்டேன், யாரிடம் வேண்டுமானாலும் காட்டு. நான் இப்போது முழுக்க மாறிவிட்டேன். நீ கிளாரினெட் கற்றுக்கொண்டு காலையும் மாலையும் வாசிப்பதாக உன் பெரியம்மா சொன்னார்கள். மிக்க மகிழ்ச்சி. அதையும் தாராளமாகக் கொண்டு வா.

ஈரம் காயட்டும் என்று சுவரை இன்னும் பூசாமல்தான் வைத்திருக்கிறேன். அந்தக் கிளாரினெட் எத்தனை அங்குல நீளம் என்று மட்டும் பதிலில் எழுதவும்.