பெயிண்ட் கையோடு தூக்கலாமா?

தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் அம்மா அவர்களே! பெற்றோர் சங்கத்தின் பெரியவர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் கேள்வியுமாக வந்திருக்கும் தாய்மார்களே! இடம் இருந்தும் உட்காராமல் கதவோரமே நிற்கும் தந்தைமார்களே! நாற்காலிகளுக்கு நடுவே ஓடிப்பிடித்து விளையாடும் இந்த விழாவின் நாயகர்களே! அனைவருக்கும் என் அன்பு வணக்கம்.

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளைகளின் பெற்றோரோடு பேசுவதே மருத்துவமனையில் என் வேலை. என் அறைக்கு வரும் தாய், உட்காரும் முன்பே கேட்டுவிடுவார்: "நான் என்ன தப்பு பண்ணேன்?"

ஒரு குடும்பத்தின் கதையை அவர்கள் அனுமதியோடு சொல்கிறேன். கணவர் பெயிண்டர். மனைவி அழகு நிலையத்தில் தலைமுடிக்குச் சாயம் பூசுபவர். அவர்களுடைய சின்ன மகளுக்கு வீட்டில் பெயர் 'மேஸ்திரி'. அதிகாரம் அப்படி!

வேலை முடிந்து வரும் தந்தை மகளைத் தூக்கமாட்டார். பெயிண்டைக் கரைக்கும் தின்னரால் கையைத் தேய்ப்பார், சோப்பால் தேய்ப்பார், விரல் சிவக்கத் தேய்ப்பார். அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். ஒருநாள் வாசலிலேயே ஓடிவந்து தன் காலைக் கட்டிக்கொண்டவளைப் பதறி விலக்கிவிட்டார். மறுநாளிலிருந்து மேஸ்திரி வாசலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள்.

மனைவி என்னிடம் அழுதார். "பாப்பாவைத் தொடவே மாட்டேங்கிறார் மேடம். என் மேல உள்ள கோபம்தான். வயித்துல பிள்ளையோட நான்தானே டை கலக்கிட்டு நின்னேன்?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவர் திடுக்கிட்டார். "என்னடி சொல்ற? நான்தானே, நீ முழுகாம இருக்கும்போது படுக்கிற ரூமுக்கே பெயிண்ட் அடிச்சேன்! என் கையாலதான் இப்படி ஆச்சுன்னு தினம் கழுவிட்டு இருக்கேன்!"

ஒரே கூரையின் கீழ் இரண்டு குற்றவாளிகள்! நடந்ததோ குற்றமே இல்லை!

அன்பர்களே, பெரும்பாலும் கருமுட்டை உருவாகும்போதே ஒரு குரோமோசோம் கூடுதலாகச் சேர்ந்துவிடுகிறது. அவர் பிரஷை எடுக்கும் முன்பே அது நடந்து முடிந்துவிட்டது. தாயின் வயது ஏற ஏற வாய்ப்பு ஏறும்; இளம் தாய்க்கும் நேரும். வயது ஒரு குற்றமா? புகையா, ரசாயனமா, சத்துக்குறைவா என்று ஆராய்ச்சிகள் தேடுகின்றன. இதுதான் காரணம் என்று உறுதியாக எதையும் சொல்ல முடியவில்லை. புகையையும் ரசாயன நெடியையும் கர்ப்பிணிகள் தவிர்க்கத்தான் வேண்டும். அதற்கு வேறு நல்ல காரணங்கள் உண்டு. ஆனால், பிறந்துவிட்ட பிள்ளையைக் காட்டி, பெற்றவளை விசாரிக்க நமக்கு என்ன உரிமை?

யாரம்மா அங்கே? "நான் குடிச்ச காபி?" என்கிறீர்களா? காபிக்கும் சேர்த்துத்தான் விடுதலை, உட்காருங்கள்!

அன்று அந்தத் தந்தை கேட்டது ஒன்றே ஒன்று: "அப்போ நான் தூக்கலாமா மேடம்?"

தூக்கலாம்தான். ஆனால், மேஸ்திரி உடனே வந்துவிடவில்லை. நீட்டிய கைகளைப் பார்ப்பாள். அம்மாவின் பின்னால் ஒளிந்துகொள்வாள். அவர் நீட்டிக்கொண்டே இருந்தார்.

என் பின்னால் இருக்கும் இந்த நீலச் சுவரைப் பாருங்கள். இன்று காலை அடித்தவர் அவர்தான். கீழே நின்ற மேஸ்திரி விரலை நீட்டினாள். "அங்க அடிக்கல!" அவர் அடித்தார். அடுத்த உத்தரவு: "தூக்கு!"

"கையெல்லாம் பெயிண்ட்டும்மா..."

"தூக்குப்பா!"

தூக்கினார். முன்வரிசையில், முதுகில் இரண்டு நீலக் கைத்தடங்களோடு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான்.

கேட்டிருந்த செவிகளுக்கு என் நன்றி. இன்று வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கப்போகும் கைகளுக்கு என் வணக்கம்!