இலை சுருண்ட காரணம்

சதைப்பற்றுச் செடியின் இலை சுருண்டால் எல்லோரும் முதலில் செய்கிற தப்பு, ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றுவது. பாதிச் செடிகள் அந்தப் பாசத்தில்தான் சாகின்றன. முதலில் பார்க்க வேண்டும். அடியிலைகள் சுருங்கி உள்ளே மடங்கினால் தாகம். தொட்டால் கொழகொழவென்று, கண்ணாடிபோல் இருந்தால் தண்ணீர் மிஞ்சிவிட்டது. ஓரம் கருகி மேலே மடிந்தால் வெயில். இலையிடுக்கில் பஞ்சுபோல் வெள்ளையாகத் தெரிந்தால் மாவுப்பூச்சி. நீங்கள் இதை எழுதிக்கொள்ளாவிட்டாலும் கேட்டுக்கொள்ளுங்கள். என்னைக் கூப்பிட்டு இங்கே உட்கார வைத்திருப்பதே ஒரு செடியை வைத்துத்தான்.

நான் முப்பத்தொரு வருஷமாக ஒரு பெரிய அலுவலக வளாகத்தின் தோட்டப் பொறுப்பாளர். புல்வெளி, பூப்பாத்தி, வரவேற்பறைத் தொட்டிகள் எல்லாம் என் கையில். அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'கைராசி அக்கா' என்பார்கள். மேலதிகாரி தன் வீட்டில் வாடிய செடிகளைக் காரில் ஏற்றி என்னிடம் கொண்டுவருவார், காய்ச்சல்காரப் பிள்ளையைத் தூக்கி வருகிற மாதிரி.

வீட்டில் நானும் என் தங்கையும்தான். அப்பாவும் அம்மாவும் ஒரே வருஷத்தில் போனபோது அவளுக்கு ஒன்பது வயது, எனக்கு இருபது. அதற்குப் பிறகு அவளுக்குத் தலை வாரியது, காய்ச்சலுக்கு ஈரத்துணி போட்டது, தையல் பழகக் கூட்டிப்போனது எல்லாம் நான். என்னைப் பெண் கேட்டு வந்த ஒருவர், "தங்கச்சிய ஏதாவது விடுதியில சேர்த்துடலாமே" என்றார். காப்பியைக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று சொல்லிவிட்டேன். இதைத் தியாகம் என்று நான் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை. அவளிடம் மட்டும் எப்போதாவது சொல்லியிருக்கிறேன்.

அவளுக்கு நாற்பத்து நான்கு வயதானபோது, பேருந்து ஓட்டுநர் ஒருவர் சீருடைக் கால்சட்டையின் நீளத்தைக் குறைக்கச் சொல்லி, வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்த அவளிடம் வந்தார். மனைவியை இழந்தவர். கால்சட்டை குறைந்தது, அவர் வந்துபோவது குறையவில்லை. ஒருநாள் உள்ளங்கை அளவுத் தொட்டியில், ரோஜாப்பூபோல் இலைகளை அடுக்கிய ஒரு சதைப்பற்றுச் செடியைக் கொண்டுவந்தார். "பூ குடுத்தா ரெண்டு நாள்ல வாடிடும். இதுதான் நம்ம வயசுக்குச் சரி" என்றாராம். தங்கை அதை என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். தையல் மெஷினுக்குப் பக்கத்து ஜன்னலில் செடிக்கு இடம் கிடைத்தது.

பிறகு ஒருநாள் சாப்பிடும்போது சொன்னாள். அடுத்த மாதம் பதிவுத் திருமணம். அவருக்கு வேறு ஊருக்கு மாற்றலாகியிருக்கிறது, அங்கே போய்விடுவார்கள்.

"நீயும் கூட வந்துடேன்க்கா" என்றாள்.

வீட்டில் மிச்சமிருக்கிற நாற்காலியையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளலாமா என்று கேட்கிற மாதிரி இருந்தது. நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறவள் இல்லை. என்னிடம் வேலை செய்யும் பதினோரு பேரைக் கேட்டுப் பாருங்கள்.

மறுநாளிலிருந்து காலையில் அவளுக்குத் தேன் கலந்த எலுமிச்சைச் சாறு கொடுக்க ஆரம்பித்தேன். கல்யாணப் பெண் தெம்பாக இருக்க வேண்டாமா. பத்து நாளில் வாந்தி, தலைசுற்றல் என்று படுத்துவிட்டாள். கல்யாணம் தள்ளிப்போனது. நான் விடுப்பு எடுத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தேன். தலையைத் தூக்கிப் பிடித்தேன், வாயைத் துடைத்துவிட்டேன். "நீ இல்லன்னா நான் என்ன ஆயிருப்பேனோ" என்று என் மடியில் முகம் வைத்துப் படுத்திருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு நல்ல மாதம் அது.

அதன் பிறகு தேறினாள். எழுந்து உட்கார்ந்து மெஷினை மிதிக்கும் அளவுக்கு ஆனாள். ஓட்டுநரோடு போனில் பேசிப் புதிய தேதி குறித்தாள். காலைச் சாற்றை நான் ஒருநாளும் விடவில்லை. அதனால் எனக்கே ஆச்சரியம்தான்.

அந்தச் சமயத்தில்தான் செடிக்கு உடம்பு சரியில்லாமல் போனது.

"அக்கா, இதக் கொஞ்சம் பாரேன். இலையெல்லாம் சுருண்டுக்கிட்டே போகுது."

"என்ன ஊத்துற?"

"தண்ணிதான். வேற என்னத்த ஊத்தப்போறேன்?"

பொய் சொல்லும்போது அவள் ஊசியில் நூல் கோக்க ஆரம்பித்துவிடுவாள். அன்றைக்கும் கோத்தாள். என் கண் செடிமேல் இருந்ததால் அதை விட்டுவிட்டேன்.

கொடுத்தவர்மேல் இருக்கிற கசப்பைச் செடிமேல் காட்டுகிற ஆள் நான் இல்லை. மனசார வைத்தியம் பார்த்தேன். தாகமோ என்று பார்த்தேன், மண் ஈரமாக இருந்தது. ஒரு வாரம் காயப்போட்டேன். வெயிலோ என்று ஜன்னலிலிருந்து தள்ளி வைத்தேன். பூச்சியோ என்று பூதக்கண்ணாடி வைத்து இலையிலையாகத் தேடினேன். எந்த வைத்தியத்துக்கும் கேட்கவில்லை. அடியிலைகள் நன்றாக இருக்க, நடுக்குருத்து மட்டும் நத்தைக்கூடுபோல் முறுக்கிக்கொண்டே போனது.

இந்த முறுக்கலை எனக்குத் தெரியும். புல்வெளியில் களைக்கொல்லி அடிக்கும்போது காற்று திரும்பிவிட்டால், பக்கத்துப் பூப்பாத்தி இப்படித்தான் திருகிக்கொள்ளும். ஆனால் வீட்டு ஜன்னலுக்குக் களைக்கொல்லி எப்படி வரும்? தொட்டி விளிம்பைப் பார்த்தேன். எறும்புச் சாரை. குனிந்து மண்ணை முகர்ந்தேன். எலுமிச்சை.

அப்போது எனக்குப் பயம் வந்திருக்கும் என்று நினைக்கிறீர்கள். வரவில்லை. வருத்தம்தான் வந்தது. நான் என் கையால் பிழிந்து கொண்டுவந்து கொடுப்பதை, என் முதுகு திரும்பியதும் அந்த மனிதர் கொடுத்த செடிக்கு ஊற்றியிருக்கிறாள்.

"தொட்டியில எறும்பு ஏறுது. உண்மையச் சொல்லு" என்றேன்.

நூலைக் கீழே வைத்தாள். "கோச்சுக்காதக்கா. அதக் குடிச்சாலே குமட்டுது. நீ வேலைக்குக் கிளம்புற அவசரத்துலயும் ஆசையா கலக்கிக் குடுக்குற. வேணாம்னு சொன்னா உன் மனசு கஷ்டப்படுமேன்னுதான்..."

"குடிச்சாதான் உடம்பு நிக்கும். இனிமே என் முன்னாடி குடி."

"சரிக்கா."

அவ்வளவுதான் நடந்த பேச்சு. அன்றைக்கே செடியைப் பிடுங்கி, வேரை நான்கு தண்ணீரில் அலசி, முறுக்கிய குருத்தைக் கிள்ளிவிட்டு, மணலும் பொடிக்கல்லும் கலந்த புது மண்ணில் வைத்தேன். மூன்றாவது வாரம் அடியில் இரண்டு குட்டித் தளிர்கள் வந்தன, சுருக்கமே இல்லாமல். அதே வாரம் தங்கையை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சிறுநீரகம் என்றார்கள் டாக்டர்கள். ஆறு நாள் இருந்தாள். காரியமெல்லாம் நானே முன்னின்று செய்தேன். ஓட்டுநருக்கு அழுவதற்கு மட்டும்தான் தெரிந்தது.

அவர் அந்தச் செடியையாவது கொடுங்கள் என்று கேட்டு வாங்கிப்போனார். தங்கை முன்பு போனில் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாள்: "எங்கக்கா குடுக்குற சாற உங்க செடிதான் குடிக்குது." சுருண்ட இலையைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறாள். அவள் போன பிறகு அவர் அந்தப் படத்தோடு செடிக்கடைக்காரரிடம் போயிருக்கிறார். கடைக்காரர், "இது களைக்கொல்லி பட்ட இலை. யாரோ தெரியாம ஊத்திட்டாங்க போல" என்றாராம். நேரே ஸ்டேஷனுக்கு, உங்களிடம் வந்துவிட்டார்.

ஒரு படத்தை வைத்துக்கொண்டு உங்களால் என்னை ஒன்றும் செய்ய முடியாது. பழைய மண் குப்பையோடு போய்விட்டது. டாக்டர் சிறுநீரகம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். நான் இல்லையென்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் 'தெரியாமல் ஊற்றிவிட்டார்கள்' என்ற பேச்சை மட்டும் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. முப்பத்தொரு வருஷத்தில் நான் எதையும் எதிலும் தெரியாமல் ஊற்றியதில்லை. களைக்கொல்லிப் புட்டி எங்கள் அலுவலகத் தோட்டக் கிடங்கில் பூட்டி வைப்பது. சாவி என்னிடம்தான். முதல் நாளிலிருந்தே சாற்றில் கலந்தவள் நான். அவள் தேறியது ஏன் என்று கண்டுபிடித்த பிறகும், பக்கத்தில் உட்கார்ந்து தினமும் குடிக்க வைத்தவளும் நான்தான். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் கட்டாயப்படுத்தினேன் என்று எழுதாதீர்கள். நான் அவள் கையைப் பிடிக்கவில்லை, குரலை உயர்த்தவில்லை. தம்ளரைத் தூக்கத் தெம்பில்லாமல் போய் நான் பிடித்துக் கொடுத்த நாட்களில்கூட, என் முகத்தைப் பார்த்துக்கொண்டே கடைசி மடக்குவரை குடித்தாள். ஒருநாளும் வேண்டாமென்று சொல்லவில்லை. அந்த ஓட்டுநர் வெளியேதானே உட்கார்ந்திருக்கிறார்? கூப்பிட்டுக் கேளுங்கள். அவருக்காக அவள் எதையாவது அப்படிக் குடித்திருக்கிறாளா என்று.