தூக்கப்பட்ட கால்குலேட்டர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ்ஸில், சிப்காட் நிறுத்தத்தில் ஏறிய இருவர் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். கழுத்தில் கம்பெனி அட்டை மாட்டியிருந்தவர் சொன்னார்:

"என் கால்குலேட்டரைத் தூக்கிட்டாங்க மச்சான்."

"பையிலயா வச்சிருந்த?"

"அதில்ல. கம்ப்யூட்டரை ஓட்டுற சிஸ்டம் சாஃப்ட்வேர் ஒண்ணை நெறைய பேரு சேந்து எழுதி இலவசமா குடுக்குறாங்கல்ல, அதோடயே வர்ற கால்குலேட்டர். ஏழு வருஷமா லீவு நாள்ல உக்காந்து, சம்பளமில்லாம அதை நான்தான் எழுதிப் பாத்துக்கறேன். அடுத்த மாசம் புது சிஸ்டம் வெளியாவுது. அதுல வேற ஒண்ணைப் போட்டுட்டாங்க."

"உன்னுதுல என்ன குறை?"

"பாக்கப் பழசா இருக்காம்."

"புதுசு?"

"லட்சத்துக்குக் கமா எங்க போடணும்னே அதுக்குத் தெரியல. சொன்னேன். வெளியானப்புறம் பாக்கலாம்னுட்டாங்க."

அவருடைய செல்போன் ஒலித்தது. எடுத்துப் படித்தார்.

"யாரு?"

"அவுங்கதான். புதுசுல என்னென்ன மாறியிருக்குன்னு ஒரு லிஸ்ட். தமிழ்ல எழுதித் தரணுமாம். தமிழுக்கும் நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"மொத வரி என்ன?"

"பழைய கால்குலேட்டரை எடுத்தாச்சுன்னு."

ஆலப்பாக்கம் தாண்டும்வரை செல்போனில் தட்டித் தட்டி அழித்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்:

"நீக்கப்பட்டதுன்னு போடவா மச்சான், நீக்கப்பட்டார்னு போடவா?"