லென்ஸுக்கு நான் செய்த மூடி

முந்தின நாள் கறிக்குழம்பைச் சுண்டவைத்து இட்லிக்கு ஊற்றினால் அந்த ருசியே தனி. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் எப்போதும் அதுதான். கிரகணத்தன்றும் தம்பி ஜெரால்ட் ஏழு இட்லி சாப்பிட்டான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மேடம். அவனை வெறும் வயிற்றோடு நான் எந்த வேலைக்கும் அனுப்பியதில்லை.

என் பெயர் ஐரின். பசுமலையில் முப்பத்தோரு வருடம் அறிவியல் டீச்சர். அம்மா இறந்தபோது ஜெரால்டுக்கு வயது மூன்று, எனக்குப் பத்தொன்பது. பிறகு வந்த வரன்களை நானேதான் வேண்டாம் என்றேன், யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அம்மை போட்டதில் அவனுக்கு இடது கண் மங்கிப்போனது. வலது கண் ஒன்றை வைத்தே காளவாசலில் ஸ்டுடியோ போட்டு ஊர்க் கல்யாணங்களையெல்லாம் எடுத்தான்.

அப்படி ஒரு கல்யாணத்தில்தான் கோயம்புத்தூர் ஆன்மேரியைப் பார்த்திருக்கிறான்.

“நாப்பத்தாறு வயசுல மாப்பிள்ளையாகப் போறேன்க்கா. வெக்கமா இருக்கு.”

“இருக்கட்டும்டா. அப்புறம்?”

“ஸ்டுடியோவை மூடிட்டு அங்கேயே போயிரலாம்னு இருக்கேன். நீயும் வாயேன்.”

ஒப்புக்கு அழைப்பது எனக்குத் தெரியாதா. சரி, பார்க்கலாம் என்றேன்.

கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சொல்லிவிட்டு ஃபாதர் கொஞ்சம் நிறுத்துவார். மூன்று முறையும் நான் வாய் திறக்கவில்லை. நல்ல பெண். சொல்ல என்ன இருக்கிறது?

அந்த டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் சூரிய கிரகணம். சூரியன் நெருப்பு வளையமாக மதுரையிலேயே தெரியும் என்றார்கள். ஜெரால்டுக்குத் தூக்கமே இல்லை. “இங்கிருந்து எடுக்கிற கடைசிப் படம் இதுதாங்க்கா” என்றான். கடைசிப் படம் என்று சொன்னது அவன்தான், நான் இல்லை.

சூரியனை எடுக்க, லென்ஸுக்கு முன்னால் அதற்கென்றே விற்கிற கறுப்புத் தாளை மாட்ட வேண்டும். அவன் வாங்கி வைத்திருந்தான். அட்டையை வெட்டி மூடிபோல ஒட்டித் தருவது என் வேலை. அவன் பள்ளிக்கூட நாளிலிருந்தே அட்டை வேலையெல்லாம் என்னுடையதுதான். அந்தத் தாளை ஒட்டாமல் தனியே எடுத்து வைத்துவிட்டு, ஸ்டுடியோவில் கிடந்த பழைய கலர் ஃபிலிமில் கறுத்துப்போன துண்டை ஒட்டினேன். அதில் பார்த்தால் கண் கூசாது. கூசாததால் பார்த்துக்கொண்டே இருக்கலாம். சூடு உள்ளே போவது தெரியாது. விழித்திரைக்கு வலியும் கிடையாது. ஒவ்வொரு கிரகணத்துக்கும் பிள்ளைகளிடம் படித்துப் படித்துச் சொல்வேன், ஃபிலிம் வழியாகப் பார்க்காதீர்கள் என்று.

கேமராவின் பின்னால் திரை இருக்கிறது. அதில் பார்த்து எடுத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவனுக்கு அது பிடிக்காது, மேலே இருக்கிற கண்ணாடித் துளையில் கண்ணை வைத்துத்தான் எடுப்பான். “அது டிவி பாக்குற மாதிரிக்கா. கண்ணை வச்சு எடுத்தாத்தான் அது படம்” என்பான். எனக்கு அது தெரியும்.

மாடியில் மூடியை நானே மாட்டினேன். அவன் சோதித்துப் பார்க்கவில்லை. நான் செய்ததை அவன் எதற்குச் சோதிக்க வேண்டும்?

எதிர்வீட்டு முத்துத்தாய் ஜன்னலிலிருந்து கூப்பிட்டாள். “டீச்சரம்மா, கிரகணத்துல மாடியிலயா நிக்கிறீக? நான் சட்டி பானைக்கெல்லாம் தர்ப்பை போட்டு மூடிட்டேன். தம்பியக் கீழ கூட்டியாங்க, கண்ணு போயிரும்.”

ஜெரால்ட் சிரித்தான். “எங்கக்கா கையால செஞ்ச மூடி, முத்துத்தாயக்கா. அந்தச் சூரியனே வந்தாலும் தாண்ட முடியாது.”

“அப்பச் சரி. டீச்சரம்மாவுக்குத் தெரியாததா” என்று ஜன்னலைச் சாத்திக்கொண்டாள்.

எட்டு மணியிலிருந்து விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதரைக்கு வளையம் வந்தது. வெயில் நிலா வெளிச்சம் மாதிரி ஆகிவிட்டது. காக்கைகள் அடங்கின.

“அக்கா, மோதிரம் மாதிரி நிக்குது. வா, வந்து பாரு.”

“நீ எடு. நான் அப்புறம் பாக்குறேன்.”

“அப்புறம் ஏது? ரெண்டு நிமிஷம்தான் இருக்கும். வாக்கா.”

கையைப் பிடித்து இழுத்தான். நான் கேமராவில் முகத்தை வைத்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

“எப்பிடி இருக்கு?”

“அழகா இருக்குடா.”

அவன் மறுபடி கண்ணை வைத்தான். “கொஞ்சம் கலங்கலாத் தெரியுதே?”

“மெல்லிசா மேகம் ஓடுது. விட்டுறாத, எடு.”

எடுத்தான்.

சாயங்காலம் ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான். “யாருக்கா கூப்பிடுறது? பேரு தெரியல. நடுவுல கறுப்பா ஒண்ணு நிக்குது.” ஆன்மேரிதான் கூப்பிட்டது. தம்பி தூங்குகிறான் என்று சொன்னேன். மறுநாள் ஆஸ்பத்திரியில், விழித்திரையின் நடுப்பகுதி வெந்துவிட்டது, இனி ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும் என்றார்கள்.

மூன்றாம் நாள் கேமராப் பையைத் தடவி மூடியை எடுத்தான். கட்டைவிரலால் அதை நீவினான். முப்பது வருடம் ஃபிலிமைத் தொட்ட கை.

“அக்கா, இது ஃபிலிம்.”

மூடியை வாங்கக் கையை நீட்டினேன், அவன் விடவில்லை.

“தாள் கிழிஞ்சு போச்சா? கை தவறி மாறிப் போச்சா?” அவன் குரல் கெஞ்சியது. “ஆமான்னு சொல்லுக்கா.”

“மாறலடா” என்றேன். அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை, மேடம்.

அதன் பிறகு அவன் என் கையால் தண்ணீர்கூட வாங்கவில்லை. கண் போனவனை எந்தப் பெண் கட்டுவாள் என்று நினைத்திருந்தேன். ஆன்மேரி விஷயம் தெரிந்த மறுநாளே பஸ் பிடித்து வந்துவிட்டாள். அழவில்லை, சத்தம் போடவில்லை. “அவரோட சட்டைத்துணியை மட்டும் எடுத்துக் குடுங்க. நான் கூட்டிட்டுப் போறேன்” என்றாள். தேய்த்து மடித்துத்தான் கொடுத்தேன்.

புகார் அவள் கொடுத்தது என்கிறீர்கள். சரி. மூடியை மாற்றியது நான்தான். என்ன ஆகும் என்று தெரிந்தே மாற்றினேன். அவன் கண்மேல் எனக்கு என்ன கோபம்? அவன் இங்கேயே இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள், சீக்கிரம் போக வேண்டும். அந்த ஊர் வீட்டில் படி எங்கே, கதவு எங்கே என்று அவனுக்கு என்ன தெரியும்? ரெண்டு நாளில் வந்துவிடுவான். வாசல் லைட்டைப் போட்டுவிட்டுத்தான் வந்திருக்கிறேன். அவன் வரும்போது இருட்டில் தடுமாறக் கூடாது.