மூன்று பேருக்கு உலை

ஒற்றை ஆளுக்குச் சமைப்பதைப் போலச் சிரமமான வேலை வேறு இல்லை, டாக்டரம்மா. உப்பு ஒரு சிட்டிகை கூடினால் கரிக்கும், குறைந்தால் சப்பென்று போகும். இரண்டு மூன்று பேர் என்றால் குழம்பே தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும். இன்றைக்கு மூன்று பேருக்கு உலை வைத்திருக்கிறேன். நீங்கள் சாப்பிடாமல் போகக் கூடாது. உங்கள் ஜீப் டிரைவரை நான் கணக்கில் சேர்க்கவில்லை. போன மாதம் ஒரு தடவை என் கையால் சாப்பிட்டவர், இன்றைக்கு உங்களை இறக்கிவிட்ட கையோடு வண்டியைத் திருப்பிக்கொண்டு ஜமுனாமரத்தூர் சந்தைக்குப் போய்விட்டார். புத்திசாலி.

உட்காருங்கள். அந்தப் பெஞ்சின் இடது ஓரம் ஆடும், கொஞ்சம் தள்ளி.

நீங்கள் வந்ததும் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். மண்ணெண்ணெயில் ஓடும் நம் ஆஸ்பத்திரி பிரிட்ஜைத் திறந்தீர்கள், தேதி முடிந்துபோன பதினேழு மருந்துப் பாட்டில்களை மேசையில் வரிசையாக வைத்தீர்கள், "ஏன் இவ்வளவு மிச்சம், செல்வநாதன்?" என்றீர்கள். சிக்கனம் என்றேன். வெளிநாட்டிலிருந்து தானமாக வருகிற மருந்தை இப்படிப் பொறுப்பாகச் செலவழிக்கிற கம்பவுண்டரைப் பார்த்ததில்லை என்று நீங்கள் மெச்சினீர்கள். திட்டியிருந்தால் வாயை மூடிக்கொண்டு இருந்திருப்பேன். பாராட்டு எனக்குப் பழக்கமில்லாத பதார்த்தம், வயிற்றில் தங்க மாட்டேன் என்கிறது. அதனால் சொல்லிவிடுகிறேன். புளி பச்சை வாசனை போக நேரமிருக்கிறது.

அந்த மருந்து ஒரே ஒரு ஆளுக்காக வருவது. ராஜவேலு. மேல் ஊர்க்காரன், சாமை விதைக்கிற குடும்பம், இருபத்துநாலு வயது. பிறவியிலேயே அவனுக்கு இரத்தம் உறையாது. கத்தி பட்டால்தான் ஆபத்து என்று ஊர் நினைக்கிறது. அப்படியில்லை. வரப்பில் கால் பிசகினால் போதும், முழங்கால் மூட்டுக்குள்ளேயே இரத்தம் கசிந்து பலாக்காய் மாதிரி வீங்கிவிடும். உங்களுக்கு முன்னால் இங்கே இருந்த வெள்ளைக்கார டாக்டரம்மா ஊருக்குத் திரும்பும்போது, இரத்தத்தை உறைய வைக்கிற அந்தப் பொடி மருந்துக்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்கள். அது எண்பத்தியொன்றில். ஆறு மாதத்துக்கு ஒரு பார்சல்.

போகிறபோது என்னை உட்கார வைத்து, நான் சொல்வதை உன் கையாலேயே எழுது என்றார்கள். எழுதினேன். மூட்டில் குறுகுறுப்பு வந்தவுடன் போட வேண்டும், வீங்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. பொடியில் தண்ணீர் சேர்த்தபின் பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெதுவாக உருட்ட வேண்டும், நுரைத்தால் மருந்து கெடும். அவன் எடைக்கு ஒரு வேளைக்கு நாலு பாட்டில், குறைக்கக் கூடாது. நரம்பில்தான், மெதுவாக. சதையில் ஊசி கூடவே கூடாது. வலிக்கு ஆஸ்பிரின் மறந்தும் கூடாது. மறுநாள் காலை பார்த்து, வீக்கம் இருந்தால் மறுபடி நாலு.

அந்தத் தாள் இன்னும் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. ராஜவேலு அதைப் படித்ததில்லை. "உங்க கையெழுத்துக்கு மருந்து குடுக்கற வைத்தியரு எவனாச்சும் இருக்கானா கம்பவுண்டரே?" என்பான்.

அவன் வாய் அப்படி. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது புரியாது.

என் மனைவி அன்னாள் போய்ச் சேர்ந்து ஏழு வருடமாகிறது. பதினோரு வருடம் என் நகைச்சுவையைப் பொறுத்துக்கொண்ட புண்ணியவதி. அவளுக்குப் பிறகு நான் சொல்வதற்கு மலையில் ஒருவரும் சிரிப்பதில்லை. இருமல் மருந்து வாங்க வருகிறவர்கள் மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். ராஜவேலு சிரிக்கவும் மாட்டான், மரியாதையும் தர மாட்டான். திருப்பி அடிப்பான். முதல் தடவை மருந்து ஏற்றிவிட்டு, பின் அறையில் காலை நீட்டிப் படுக்க வைத்து, கருவாட்டுக் குழம்பு ஊற்றினேன். ஒரு வாய் வைத்தான்.

"இன்னா கம்பவுண்டரே, மிக்சரு பாட்டிலு ஏதாச்சும் கவுந்துட்சா இதுல?"

"பேசாம தின்னு. இதைச் சாப்பிட்டா ரத்தம் ஒறையும்."

"கொழம்பே ஒறைஞ்சிதான் கெடக்குது."

அன்றைக்கு நான் இரண்டு தட்டு சோறு சாப்பிட்டேன். மூன்றாம் நாள் அவன் வீக்கம் வடிந்து, எழுந்து வீட்டுக்குப் போய்விட்டான். மருந்து அப்படிப்பட்ட மருந்து. நான் குறை சொல்லவில்லை.

அடுத்த தடவை பார்சல் வரத் தாமதம். பிரிட்ஜில் இரண்டே பாட்டில் இருந்தன. இரண்டையும் போட்டேன். அதில் என் தப்பு ஒன்றும் இல்லை, அதை நீங்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். பாதி மருந்துக்கு இரத்தம் நிற்காமல் போகவில்லை, நிற்கத் தாமதமானது. ஒன்பது நாள் இங்கேயே கிடந்தான். ஒன்பது நாளும் என் சமையலைத் திட்டினான். நானும் வெங்காயத்தைப் பொன்னிறமாக வதக்கக் கற்றுக்கொண்டேன்.

நாலு பாட்டிலுக்கு மூன்று நாள், இரண்டுக்கு ஒன்பது நாள். இதை நான் உட்கார்ந்து யோசிக்கவில்லை. பசித்தவனுக்கு அடுப்படி எந்தப் பக்கம் என்று தெரிவது மாதிரி தெரிந்தது.

அதற்கடுத்த முறை பிரிட்ஜில் பத்து இருந்தன. இரண்டு எடுத்தேன். அருமையான மருந்து, கடல் தாண்டி வருவது, பார்சல் தவறினால் நாளைக்கு இவனுக்கே இல்லாமல் போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சிக்கனம் என்கிற வார்த்தை அன்றைக்குத்தான் கிடைத்தது. நல்ல வார்த்தை. இன்று காலை உங்களிடமும் செல்லுபடியானது.

மற்ற எதிலும் நான் குறை வைக்கவில்லை. ஊசியைக் கொதிக்க வைக்காமல் எடுத்ததில்லை. நரம்பைத் தேடிக் குத்திக் குத்திப் பார்த்ததில்லை. ஊசியை எடுத்தபின் கடிகாரத்தைப் பார்த்து அழுத்திப் பிடித்துக்கொள்வேன். இராத்திரி திரும்பிப் படுக்கையில் அவன் கால் இடிக்கக் கூடாதென்று கட்டிலின் கட்டையில் பழைய போர்வையைச் சுற்றி வைத்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் தெரியும். அப்படிச் சுற்றின கைதான் பாட்டிலையும் எண்ணிக் குறைத்தது.

பிறகு அவன் சீக்கிரமே வர ஆரம்பித்தான். வீங்குவதற்கு ஒரு நாள் முன்பே மூட்டுக்குள் அவனுக்குத் தெரிந்துவிடும். "எறும்பு ஊர்ற மாதிரி கீது" என்பான். அதுதான் மருந்து போட வேண்டிய நேரம், தாளில் முதல் வரியே அது. நான் முழங்காலைத் தொட்டுப் பார்ப்பேன். "வீக்கமே இல்லையேடா. பொறு, பாக்கலாம்" என்பேன். அடுப்பைப் பற்ற வைக்கப் போவேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வீங்கும். வீங்கினபின் இரண்டு பாட்டில். அப்புறம் பன்னிரண்டு நாள், பதினைந்து நாள்.

வலி இருந்தது. வலி இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு விடிய விடியப் படுத்திருப்பான். நான் பக்கத்தில் உட்கார்ந்து நெற்றியைத் துடைத்துவிட்டுக்கொண்டிருப்பேன். ஒரு நாள் அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பெத்தவங்க கூட இப்பிடிப் பாக்கமாட்டாங்க கம்பவுண்டரே" என்றான். அவன் கேலி இல்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நிஜமாகவே கலங்கியது, டாக்டரம்மா. அதுதான் எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

போன வருடம் அவனுக்குக் கல்யாணம் முடிவானது. புதூர்நாட்டில் தாய்மாமன் சக்கரவர்த்தி, அவர் மகள் வடிவு. மாமனுக்கு ஆண்பிள்ளை இல்லை. நாற்பது புளியமரம் இருக்கிறது, வீட்டோடு மாப்பிள்ளையாக வந்துவிடு என்றார். பத்திரிகையில் மஞ்சள் தடவிக்கொண்டு வந்து எனக்குத்தான் முதலில் வைத்தான். புதூர்நாடு இங்கிருந்து மலைக்கு அந்தப் பக்கம். மூட்டு வீங்கினால் திருப்பத்தூருக்கு ஜீப்பில் இறங்குவானே தவிர, இங்கே வர மாட்டான்.

கல்யாணத்துக்குப் பத்து நாள் இருக்கையில் இடது முழங்காலில் எறும்பு ஊர்கிறது என்று வந்தான். "இந்த வாட்டி சட்டுனு போட்டுடுங்க. மணவறையில சம்மணம் போட்டு ஒக்காரணும்."

அன்றைக்குப் பிரிட்ஜில் எட்டு இருந்தன. நான் மறுநாள் சாயங்காலம் வரை பொறுத்தேன். பிறகு ஒரு பாட்டில் எடுத்தேன். அதையும் உருட்டவில்லை. அவனுடன் பேசிக்கொண்டே குலுக்கினேன். பாட்டிலுக்குள் சோப்புத் தண்ணீர் மாதிரி நுரை நின்றது. நுரை அடங்கட்டும் என்று காத்திருந்து, பொறுமையாக, நரம்பில், மெதுவாக ஏற்றினேன்.

முழங்கால் மடங்கினது மடங்கினபடி நின்றுவிட்டது. சக்கரவர்த்தி புதூர்நாட்டிலிருந்து வந்தார். ஒரு துணிப்பையில் கொட்டை எடுத்த புது புளி கொண்டுவந்திருந்தார், மாப்பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற எனக்கென்று. அவன் காலை வெகு நேரம் பார்த்தார்.

"இது நிமிருமாங்க?"

"நிமிராதுங்க" என்றேன். இந்த மூன்று வருடத்தில் நான் உண்மையைச் சொன்ன இடம் அது.

"எங்கூர்ல வூட்லேந்து கெணத்தாண்ட போறதுக்கே ஒரு மேடு ஏறி எறங்கணும். மரம் ஏறலன்னாலும் கீழ நின்னு பொறுக்கணும் இல்லீங்களா. பொண்ணைக் குடுத்துட்டு நான் இன்னா பண்றது? தப்பா நெனைச்சிக்காதீங்க."

ராஜவேலு படுக்கையிலிருந்தே சொன்னான்: "கொக்கு கூட ஒத்தக் கால்லதான் நிக்குது மாமா. அதுக்குக் கண்ணாலம் ஆவறதில்லியா?"

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் மட்டும் சிரித்தேன், பழக்கதோஷம். வடிவை நான் பார்த்ததில்லை. இந்தத் தையில் வேறு இடத்தில் கொடுத்துவிட்டார்களாம். புளி நல்ல புளி. இன்றைக்கு அடுப்பில் கொதிப்பதும் அதுதான்.

அதன் பிறகு நாலு மாதம் அவன் என்னோடு இருந்தான். என் ஆயுளில் நல்ல நாலு மாதம் எது என்று கேட்டால் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்து அதைத்தான் சொல்வேன். அப்புறம் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு எழுந்தான். வீட்டுக்குப் போனான். கீழே கணியம்பாடியில் ஒரு தையல்கடைக்காரரிடம் பேசிவிட்டு வந்து எனக்குச் சொன்னான். மிஷினை மிதிக்க ஒரு கால் போதுமாம், வலது கால் நன்றாக இருக்கிறதாம், கடையிலேயே தங்கிக்கொள்ளலாமாம். பக்கத்தில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கிறது, மருந்துக்கும் அலைய வேண்டாம். "மொத சட்டை உங்களுக்குத்தான் கம்பவுண்டரே. ஒங்க தொப்பைக்கு அளவெடுக்க டேப்பு பத்துமான்னுதான் தெரில." வருகிற திங்கட்கிழமை பஸ்.

இவ்வளவுதான். பதினேழு பாட்டிலும் அவன் உடம்புக்குள் போயிருக்க வேண்டியவை. அவன் காலை நான் எடுத்துக்கொண்டேன். கெட்ட எண்ணத்தில் அல்ல. தனியாகச் சாப்பிட முடியாத எண்ணத்தில். அவனுக்கும் உள்ளுக்குள் தெரிந்திருக்கும் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. தெரிந்தே வந்துகொண்டிருந்தான் என்று நினைத்தால் இராத்திரி கொஞ்சம் தூக்கம் வருகிறது. நீங்கள் எழுத வேண்டிய இடத்துக்கு எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். படிக்க முடியாது, அவ்வளவுதான்.

சொன்னபின் நெஞ்சு லேசாக இருக்கிறது. இனிமேல் இப்படிச் செய்ய மாட்டேன் என்று எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

மூன்றாவது ஆள் யார் என்று நீங்கள் கேட்கவே இல்லையே.

பின் அறையில் இருக்கிறான். விடிகாலையில் கம்பை ஊன்றிக்கொண்டு வந்தான். இந்த முறை வலது முழங்கால். "எறும்பு ஊருது. வீங்கறதுக்குள்ள போட்டுடுங்க, திங்கக்கெழமை போவணும்" என்றான். பிரிட்ஜில் தேதி முடிந்ததுதான் இருக்கிறது, டாக்டரம்மா பத்து மணிக்குப் புது மருந்து கொண்டுவருவாங்க, அதுவரைக்கும் சத்தம் போடாமல் படு, அவங்க கோபக்காரங்க என்று சொல்லிவைத்தேன். அது பொய்யில்லை. நீங்கள் சரியாகப் பத்துக்கு வந்தீர்கள். ஐஸ் பெட்டியில் எட்டு பாட்டில் இருக்கிறது, பார்த்தேன். இப்போது மணி பன்னிரண்டேகால்.

எழுந்திருக்காதீர்கள், டாக்டரம்மா. நாலும் போடுகிறேன், உங்கள் கண் முன்னாலேயே, உருட்டித்தான் போடுகிறேன். குழம்பை இறக்கிவிட்டேன், முதலில் ஒரு வாய் சாப்பிட்டுவிடுவோம். ஆறிப்போனால் அவன் வாயை என்னால் கேட்க முடியாது.