ரேடியேட்டர் ஃபேனுக்கு எந்த சுவிட்ச்

செங்கல்பட்டில் ரயில் கிளம்பியதும், எதிர் சீட்டு அம்மா தன் வீட்டுக்காரரிடம் கேட்டார்: "சாம்பார் குண்டான்ல போட்டு கொதிக்க வெச்ச சுவிட்ச கடக்காரன் திருப்பி வாங்குவானா?"

வீட்டுக்காரர் மடியில் ஒரு சின்ன அட்டைப்பெட்டி இருந்தது. "வாங்கித்தான் ஆவணும். தண்ணி கொதிச்சும் சுவிட்சுல மாட்டுன பல்பு எரியல. அப்ப ரேடியேட்டர் கொதிச்சா ஃபேன் எப்டி சுத்தும்? தெரிஞ்சே தள்ளி வுட்டுக்கீறான்."

"உனக்கு எல்லார் மேலயும் சந்தேகம். ஒயரு சரியா குடுத்தியா?"

"மூணு வாட்டி பாத்தேன்."

"அப்ப வேற வாங்கிக்க."

"அதுவும் சூடானா தானா போட்டுக்கிற சுவிட்சு தான? போன வாரம் மாமல்லபுரம் ரோட்டுல பழசு அப்டித்தான் கவுத்துச்சு. பானட்டுலேர்ந்து ஆவி வந்தப்புறம் தான் எனக்கே தெரியும். வளைகாப்பு முடிச்சு பொண்ண அந்த நாப்பது வருஷ கார்ல தான் கூட்டியாரணும். இந்த வாட்டி கையால போடுற சுவிட்சு தான்."

"நீ பேசிகினே ஓட்டுவ. போட மறந்துட்டா?"

ஊரப்பாக்கம் வந்ததும் வீட்டுக்காரர் அட்டைப்பெட்டியைத் திறந்து பார்த்து மூடினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "சுவிட்ச உன் பக்கமா வெக்கச் சொல்றேன். சூடு காட்டுற முள்ள நீ பாத்துகினு வா. நீ சொன்னா நம்புவேன்."

"அன்னிக்கு இன்ஜின் தீய்ற வாசன வருதுன்னு ரெண்டு தடவ சொன்னேன்," என்றார் அந்த அம்மா. "நீ நம்பல."