மரப்பிடி போட்ட கத்தி

டிசம்பர் 29

நேற்று எழுதியதில் ஒரு தவறு. என் கத்தியின் நீளம் இருபத்து நான்கு சென்டிமீட்டர் என்று எழுதிவிட்டேன். இன்று அளந்து பார்த்தால் இருபத்தொன்றுதான். கத்திக் கடையில் இரண்டு நீளக் கத்திகளையும் மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்ததில் குழம்பியிருக்க வேண்டும். இப்படிச் சின்ன விஷயத்தில் தவறுகிறவன் பெரிய விஷயத்தை எழுதினால் சரியாக எழுதுவானா என்று சந்தேகம் வருகிறது. அதனால் அந்தக் கத்தியை வாங்கியதைப் பற்றி முதலிலிருந்து, நடந்த வரிசையிலேயே எழுதிவிடுகிறேன்.

எங்கள் சாப்பாட்டுக் கடை தகெஃபு ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது. அப்பாவுக்குப் பிறகு அண்ணன் தொகுஜி அதை நடத்தினார். அண்ணி கினுயோ பரிமாறுவார். நான் காய் நறுக்குவேன், பாத்திரம் கழுவுவேன். இந்த ஊரில் தடுக்கி விழுந்தால் ஒரு சொபாக் கடை வாசலில்தான் விழ வேண்டும். எங்கள் கடையில் மட்டும் சொபா நூடுல்ஸ் கிடையாது. அண்ணனுக்கு அதைச் செய்யும் பக்வீட் மாவு ஆகாது. அரிப்பு, தும்மல் என்ற அளவில் இல்லை. சிறுவயதில் பக்கத்து வீட்டில் சொபா கொதித்த ஆவிக்கே அவருக்குத் தொண்டை அடைத்து, அப்பா தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருக்கிறார். அதனால் கல்லா இழுப்பறையில் எப்போதும் ஓர் ஊசி இருக்கும். தொடையில் அழுத்தினால் போதும், மூச்சு திரும்பிவிடும்.

வருடத்தின் கடைசி நாளில் ஊரே சொபா சாப்பிடும். அன்று மட்டும் நாங்கள் கடையை மூடிவிடுவோம். எதிரே உள்ள சொபாக் கடையின் வரிசை நீண்டு எங்கள் வாசல்வரை வந்து நிற்கும். அண்ணி அவர்களுக்குத் தேநீர் கொடுப்பார். நான் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருப்பேன்.

மூன்று வருடங்களுக்கு முன் மாலை வகுப்பில் சேர்ந்தேன். ஊர் மன்றத்தில் இனுயி என்ற வாத்தியார் சொபா செய்யக் கற்றுக்கொடுத்தார். தினமும் செய்த தவறுகளை எழுதி வைக்கச் சொன்னவரும் அவர்தான். அண்ணன் தடுக்கவில்லை. வகுப்பு முடிந்ததும் அங்கேயே குளித்து, வேறு உடை மாற்றிக்கொண்டு வர வேண்டும் என்று மட்டும் சொன்னார். நான் ஒருநாளும் தவறாமல் அப்படியே செய்தேன்.

நான் எதையும் மெதுவாகத்தான் செய்வேன். ஒரு முள்ளங்கியைச் சீவிவிட்டுச் சரியாகச் சீவினேனா என்று திரும்பிப் பார்ப்பேன். அண்ணன் அதைச் சொல்லிச் சிரிப்பார். "டேய் இசாமு, நீ வெங்காயத்தாள் நறுக்கி முடிக்கிறதுக்குள்ள வந்த ஆளு கல்யாணம் பண்ணி, புள்ளைய ஸ்கூல்ல சேர்த்துட்டு வந்துருவான்." வாடிக்கையாளர்களும் சிரிப்பார்கள். எனக்குக் கோபம் வந்ததில்லை. அவர் சொன்னது உண்மைதான். ஆனால் சொபா வெட்டும்போது மட்டும் என் கை நிற்காமல் ஓடியது. நூல் பிடித்த மாதிரி ஒரே கனத்தில் விழுந்தது. வாத்தியார் மற்றவர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். எனக்கு ஒரு வேலை வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

போன வருடக் கடைசியில் அண்ணனிடம் கேட்டேன். கொல்லைப்புறத்தில் தனியாக ஓர் அடுப்பு, தனிப் பாத்திரம், அந்த ஒருநாள் மட்டும். அவர் அன்று அண்ணியோடு ஊருக்குப் போய்விட்டால் போதும். அண்ணன் மீனைக் கழுவிக்கொண்டே சிரித்தார். "நான் செத்தப்புறம் வெச்சுக்கோடா. கடை உனக்குத்தானே." விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் யோசித்துப் பார்த்தால், எப்போது சொபா போடலாம் என்று அவர் தெளிவாகச் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

பிப்ரவரியில் அவராகவே என்னை மீன் வெட்டும் இடத்துக்கு ஏற்றினார். "சொந்தக் கத்தி வேணும்டா உனக்கு. புடிச்சதை நீயே எடு. யாரையும் கேக்காதே, என்னையும் சேர்த்துத்தான்." இதில் இரண்டு விஷயங்களைச் சொல்ல வேண்டும். எங்கள் தொழிலில் ஒருவன் கத்தியை இன்னொருவன் தொட மாட்டான். அது அடுத்தவன் பல் துலக்கும் பிரஷை எடுப்பது மாதிரி. நான் கழுவிய பாத்திரங்களை எல்லாம் அண்ணன் இன்னொரு தடவை கழுவுவார். கத்தியை மட்டும் கழுவ மாட்டார். அடுத்தது, புதுக் கத்தி முதலில் வெட்டும் துண்டைக் கடைக்காரர் சாப்பிட வேண்டும் என்பது அப்பா காலத்திலிருந்து எங்கள் கடையில் இருக்கும் வழக்கம்.

கத்திக் கடை ஹிராத்சுகா அம்மா இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று துருப்பிடிக்காத எஃகு. பிடியும் அலகும் ஒரே வார்ப்பு. மற்றது கார்பன் எஃகு, மரப்பிடி, பிடியின் வாயில் எருமைக்கொம்பு வளையம். இரண்டாவதன் கூர் நன்றாக இருந்தது. அலகு பிடிக்குள் நுழையும் கழுத்தில் மயிரிழை அளவு இடைவெளியும் இருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன்.

"கடையில போட்ட அடைப்பு இதுல விட்டுப்போச்சு தம்பி. மெழுகு உருக்கி ஊத்திக்கோ. இல்லேன்னா மாவு, மீன் ரத்தம், எல்லாம் உள்ள போய் உக்காந்துக்கும். நீ வெளிய எவ்வளவு தேய்ச்சாலும் வராது."

"உள்ளே போனது அப்புறம் வெளியே வருமா?"

"தண்ணி பட்டா கசியும். அதான் ஊத்திக்கோங்கிறேன்." அவரே அடைத்துத் தருவதாகவும் சொன்னார். நானே பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

மரப்பிடியை எடுத்தேன். வீட்டில் மெழுகு இருந்தது. ஊற்றவில்லை.

அந்த வியாழக்கிழமை வகுப்புக்குக் கத்தியை எடுத்துப்போனேன். புதுக் கத்தியைப் பழக்க வேண்டும் என்று வாத்தியாரிடம் சொன்னேன். மாவு தூவிய பலகையில் அதை வைத்து வெட்டினேன். பிறகு அலகை நன்றாகக் கழுவி, துடைத்து, எண்ணெய் பூசினேன். கழுத்தில் மாவு நின்றிருக்குமா, நின்றாலும் அது போதுமா என்று சந்தேகம் வந்தது. எனக்கு எதிலும் சந்தேகம் வரும். அதனால் ஒரு சிட்டிகை உலர்ந்த மாவை எடுத்து, பல்குத்தும் குச்சியால் அந்த இடைவெளிக்குள் இறக்கினேன். மெதுவாகத்தான் செய்தேன்.

மறுநாள் மதியக் கூட்டத்துக்கு முன் அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரே நின்றார். அண்ணியும் வந்தார். கத்தியை நனைத்து, முள்ளங்கியை ஏடாகச் சீவி, குளிர்கால மீனிலிருந்து ஒரு துண்டு வெட்டி, ஏட்டில் சுற்றிக் கொடுத்தேன். கழுத்திலிருந்து மங்கலான நீர் அலகு வழியாக இறங்கி முள்ளங்கியில் படிவதைப் பார்த்தேன். அண்ணன் கண்ணை மூடி மென்றார்.

"நல்லா இருக்குடா," என்றார். "இன்னிக்குத்தான் உன் கை நடுங்கல."

அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அதைக் கேட்டு எனக்குச் சந்தோஷமாக இருந்தது என்பதையும் எழுத வேண்டும்.

பிறகு இருமினார். உதடு தடித்தது. கழுத்தைப் பிடித்துக்கொண்டு கல்லாவைக் கை காட்டினார். அண்ணி ஆம்புலன்ஸைக் கூப்பிடத் தொலைபேசிக்கு ஓடினார். நான் கல்லா இழுப்பறையைத் திறந்தேன். ஊசி அங்கே இல்லை. கீழ் இழுப்பறையைத் திறந்தேன். தட்டு அலமாரியை மேலிருந்து கீழாகப் பார்த்தேன். சாக்கே மதுப் புட்டிகள் வைக்கும் இடத்தைப் பார்த்தேன். அண்ணன் தரையில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் இப்போதும் மெதுவாகச் செய்வதாக அவர் நினைப்பாரோ என்று தோன்றியதால் கொஞ்சம் வேகமாகத் தேடினேன். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து சேர்ந்தபோது அவர் என்னைப் பார்ப்பதை நிறுத்தியிருந்தார்.

போலீஸ்காரர் இளைஞர். வகுப்பு, கத்தி, மரப்பிடி எல்லாவற்றையும் நானே சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். வேண்டுமென்று யாரும் செய்வதில்லை, உங்களை நீங்களே வதைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். வீட்டில் ஊசி வேறு இடத்தில் மாறிப் போயிருப்பது எல்லா இடத்திலும் நடப்பதுதானாம். ஒரு மாதம் கழித்துக் கத்தியைத் துணியில் சுற்றித் திருப்பிக் கொடுத்தார்.

அண்ணி இலையுதிர்காலம்வரை இருந்தார். பிறகு த்சுருகாவில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டார். கிளம்பும்போது என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைய நீ பாத்துக்கோ தம்பி. உனக்கு என்ன வருமோ அதைப் போடு. அன்னிக்கு நீ அவருக்காக எப்படித் தேடினேன்னு நான் பாத்தேன். அது போதும் எனக்கு."

நான் தலை குனிந்து நின்றேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. நான் தேடினேன். என் ஏப்ரன் பையைத் தவிர எல்லா இடத்திலும் தேடினேன். ஊசியை அன்று காலையிலேயே எடுத்து அதில் வைத்திருந்தேன். குனிந்து தேடும்போதெல்லாம் அது தொடையில் இடித்தது.

அண்ணன்மேல் எனக்கு வெறுப்பு இல்லை. செத்தப்புறம் என்று அவர் தவணை சொல்லாமல் இருந்திருந்தால் நானும் காத்திருந்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

நாளை காலை ஆலையிலிருந்து சொபா மாவு வருகிறது. அதற்குள் கீழ்த்தட்டைக் காலி செய்து துடைக்க வேண்டும். கொதிக்க வைக்கும் அண்டாவைத் தேய்க்க வேண்டும். இங்கே சொபா சமைக்கிறோம், ஆகாதவர்கள் உள்ளே வரும் முன் சொல்லுங்கள் என்று பெரிய எழுத்தில் எழுதி வாசலில் ஒட்ட வேண்டும். சாப்பாட்டுக் கடைக்காரன் இந்த விஷயத்தில் அஜாக்கிரதையாக இருக்கக் கூடாது.